சரிபாதி வாடகை

கள்ளக்குறிச்சியில் நாங்கள் முதலில் குடியிருந்தது ஓர் அரிசி ஆலையின் பின்பக்கச் சுவரை ஒட்டிய ஒற்றை அறையில். மேலே சிமென்ட் ஷீட். என் வீட்டுக்காரர் அந்த ஆலையில்தான் மூட்டை தூக்கினார். சோற்றுப் பானையைத் திறந்து வைத்தால் மேலே உமித்தூள் படியும். துவைத்துக் காயப்போட்ட துணியை இரண்டு முறை உதறினால்தான் உடுத்த முடியும். வாடகை மட்டும் குறைவு. அவருடைய ஒரு வாரக் கூலிக்குள் அது அடங்கிவிடும். மீதி வாரங்களில் சம்பாதித்ததெல்லாம் எங்களுடையது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டைக் குறை சொல்லவே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தோம். அப்பா குத்தகை நிலத்தில் கரும்பு வைத்தார். அக்காவின் கல்யாணத்துக்கு முந்தைய போகம் நன்றாக விளைந்தது, விலையும் கிடைத்தது. அரசாங்க வேலையில் இருக்கும் மாப்பிள்ளை அமைந்தார். என் முறை வந்தபோது அணையில் தண்ணீர் இல்லை. கூலி வேலை செய்கிற மாப்பிள்ளை வந்தார். இதில் யார் மேலும் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. என் வீட்டுக்காரர் குடிக்காதவர், கை நீட்டாதவர். நாளெல்லாம் மூட்டை சுமந்த தோளில் சாயங்காலம் மகளை உட்காரவைத்துக்கொண்டு கடைத்தெரு வரைக்கும் போய் வருவார்.

அக்காவின் வீட்டுக்காரரை மாமா என்பேன். அவருக்கு ஓர் அலுவலகத்தில் கிளார்க் வேலை. கல்வராயன் மலை ஊர்களுக்கு அடிக்கடி கேம்ப் போவார். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் பஸ் நின்றுவிடும். வெள்ளிமலையிலேயே இரண்டு மூன்று நாள் தங்கிவிடுவார். அப்போதெல்லாம் அக்கா சின்னக் குழந்தைகள் இரண்டையும் வைத்துக்கொண்டு பயந்துகொண்டே இருப்பாள். அப்படி ஒரு மழை முடிந்த மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். உமித்தூளைத் துடைக்காமலேயே கட்டிலில் உட்கார்ந்தாள்.

“கோர்ட்டுக்குப் பின்னால ஒரு வூடு காலியா இருக்குது. ரெண்டு ரூமு, நடுவுல ஹாலு, பின்னாடி கெணறு. எங்களுக்கு மட்டும்னா அது ஜாஸ்தி. நீங்களும் வந்துட்டா ஒண்ணா இருக்கலாம். உங்க மாமா மலைக்குப் போயிட்டா எனக்குக் கண்ணே மூட மாட்டேங்குதுடி.”

“வாடகை எவ்ளோ சொல்றாங்க?”

“ஆயிரத்து எரநூறு. உன்னால இன்னா முடியுமோ அத குடு. மீதிய நாங்க பாத்துக்கறோம்.”

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கை கால் கழுவிக்கொண்டே கேட்டார்.

“முடிஞ்சத குடுக்கறதுன்னா இன்னா அர்த்தம்? நூறு ரூபா கம்மியா குடுத்தாலும் அந்த வூட்ல நாம ஒண்டிக்கினு இருக்கறவங்கதான். குடுத்தா சரிபாதி குடுத்துட்டுப் போவலாம். இல்லன்னா இங்கியே கெடக்கலாம்.”

சரிபாதி என்றால் அறுநூறு ரூபாய். அது அவர் மாதக் கூலியில் ஏறக்குறைய பாதி. ஆலைக்கு நெல் வராத மாதங்களில் பாதிக்கும் மேலே. எங்கள் இருவருக்கும் இது தெரியும். ஆனாலும் எனக்கு அந்தக் கிணறு வேண்டியிருந்தது. மகள் ஓடி விளையாட ஒரு ஹால் வேண்டியிருந்தது. எல்லாவற்றையும்விட, அக்காவுக்குச் சமமாக ஒரே வீட்டில் நிற்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. மறுநாளே போய் “சரிபாதிக்கா” என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“ஏன்டி, உன் வூட்டுக்காரருக்குக் கூலி ஏத்திட்டாங்களா?”

“ஆமாங்க்கா” என்றேன்.

அந்த வீட்டுக்குப் போன முதல் சில மாதங்களைப்போல நான் பிறகு எப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை. ஒரே அடுப்பு, ஒரே சமையல். நான் அரைப்பேன், அக்கா தாளிப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பிள்ளைகளையும் கிணற்றடியில் வரிசையாக உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவோம். எந்தப் பிள்ளை யாருடையது என்று பக்கத்து வீட்டுக்காரிக்கே குழப்பம். மாமா மலையிலிருந்து வரும்போது சாமை அரிசியும் பலாப்பழமும் கொண்டுவருவார். ஹாலில் டிவி ஓடும். என் வீட்டுக்காரர் வாசற்படியிலேயே உட்கார்ந்து பார்ப்பார். மாமா எழுந்துபோய், “இன்னா சகலை, நீங்க இன்னா விருந்தாளியா? சேர்ல வந்து குந்துங்க” என்று கையைப் பிடித்து இழுத்து வருவார். உட்கார்ந்தாலும் என் வீட்டுக்காரர் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார்.

கஷ்டம் வாடகையோடு நின்றிருந்தால் சமாளித்திருப்போம். ஒரு வீட்டுக்குள் போனால் அந்த வீட்டுக்குத் தகுந்த செலவும் சேர்ந்தே வருகிறது. ஒரு மாதம் அக்கா மளிகை வாங்கினால் அடுத்த மாதம் நான் வாங்க வேண்டும். அவள் பட்டியல் எழுதும்போது முந்திரியும் நெய்யும் பாதாம் பாக்கெட்டும் தானாக வந்து உட்காரும். அவள் பெருமைக்காக எழுதவில்லை. அவள் வீட்டில் அது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை கறி வேண்டும். பிள்ளைகளுக்கு ஆப்பிள் வேண்டும். வாடகைக்கு அறுநூறை எடுத்து வைத்துவிட்டு, கையில் இருந்ததை வைத்துக்கொண்டு மளிகைக்கடையில் போய் நிற்பேன். முந்திரி தீர்ந்துபோய்விட்டதாம் என்று வந்து சொல்வேன். எத்தனை மாதத்துக்குத்தான் முந்திரி தீர்ந்துபோகும்?

கடைசியில் ஒருநாள் அக்காவிடம், “அவருக்குக் காரம் ஜாஸ்தி வேணும்க்கா. நீ செய்றது சப்புனு இருக்குதுன்னு சொல்றாரு. நான் தனியா பொங்கிக்கறேன்” என்றேன்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“காரம் போட்டா போச்சு. அதுக்கா தனியா பொங்குவாங்க?”

“கொழந்தைங்களுக்கு ஒத்துக்காதே.”

ஸ்டவ் ஒன்று வாங்கிவந்து அடுப்படியின் மறுபக்கத்தில் வைத்தேன். என் வீட்டுக்காரர் காரமே சாப்பிடாதவர். அதற்குப் பிறகு அந்தப் பொய்க்காகக் குழம்பில் கூடுதலாக மிளகாய்த்தூள் போட வேண்டியிருந்தது. அவர் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார்.

சமையல் பிரிந்ததும் பிள்ளைகள்தான் முதலில் குழம்பின. என் மகளுக்கு அப்போது நான்கு வயது இருக்கும். இரண்டு அடுப்பின் வாசனையையும் அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பெரியம்மா முட்டை வேகவைத்தால் போய்த் தட்டோடு உட்கார்ந்துவிடுவாள். அக்காவும் சேர்த்தே வைப்பாள். ஒருநாள் எங்கள் அடுப்பில் வெறும் ரசம். அங்கே கோழிக்குழம்பு. மகள் தட்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள். எனக்கு என்ன வந்ததோ, முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். அவள் அழக்கூட இல்லை. எதற்கென்று புரியாமல் நின்றாள்.

“இன்னாடி பண்ணிட்டா அவ? சோறு துன்ன வந்தது ஒரு குத்தமா?” என்று அக்கா மகளைத் தூக்கிக்கொண்டாள்.

“பழக்கம் கெட்டுப்போவுதுக்கா. இவ இப்பிடியே போய்க்கினு இருந்தா நாளைக்கு எந்த வூட்லயும் போயி குந்திப்பா.”

“அப்ப இது அடுத்தவங்க வூடா?”

அந்தக் கேள்வியே எனக்கு அவள்மேல் கோபமாக மாறியது. எனக்கு அறுநூறு என்றால் பாதி உயிர் என்று இவளுக்குத் தெரிய வேண்டாமா, தெரிந்துகொண்டே கோழி வைக்கிறாளா என்றெல்லாம் மனசு பேசிக்கொண்டே இருந்தது. ஆனால் அவளுக்கு எப்படித் தெரியும்? கூலி ஏறிவிட்டது என்று சொன்னவளே நான்தானே.

மாசி பிறந்ததும் மலையிலிருந்து புளி இறங்கும். வியாபாரிகள் அதைக் கொட்டகையில் குவித்து, ஓடு உடைத்துக் கொட்டை எடுக்கப் பெண்களைக் கூப்பிடுவார்கள். எடைக்கு இவ்வளவு என்று கூலி. மகளைப் பால்வாடியில் விட்டுவிட்டு நான் போக ஆரம்பித்தேன். அக்காவிடம் பொழுதுபோகவில்லை என்றேன். சாயங்காலம் வந்து எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. விரல்நுனி வெடித்து, உப்பு பட்டால் எரியும். அக்கா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

“எதுக்குடி இவ்ளோ கஷ்டப்படற? வூடு கட்டப்போறியா? எங்களுக்குத் தெரியாம பணம் சேத்துக்கினு இருக்கியா?” என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். சேர்க்கிறேன் என்றே அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அப்படி நினைத்ததால்தான் அடுத்து வந்தது நடந்தது.

வீட்டின் சொந்தக்காரர் வெளியூரில் இருந்தார். வருடத்துக்கு ஒருமுறை வருவார். அந்த முறை வந்து, அடுத்த மாதத்திலிருந்து இருநூறு ஏற்றித் தர வேண்டும் என்றார். நான் கொட்டகையில் இருந்தேன். அக்கா காபி கொடுத்து, சரி என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நான் வந்ததும் சாதாரணமாகச் சொன்னாள்.

“ஆளுக்கு நூறுதான்டி. போனா போவுதுன்னு சரின்னுட்டேன்.”

அந்த நூறு எங்கள் வீட்டுப் பால் செலவு. அதை அப்போதாவது சொல்லியிருக்கலாம். அக்கா, எங்களால் முடியவில்லை, ஆரம்பத்திலேயே முடியவில்லை என்று ஒரு வார்த்தை. அது வாயில் வரவில்லை. வேறொன்று வந்தது.

“உங்க ரூமு பெருசு. ரெண்டு ஜன்னல் இருக்குது, காத்து வருது. எங்க ரூமுல ஒரு பீரோ வெச்சா நடக்க எடம் இல்ல. அப்பறம் எப்பிடி சரிபாதி?”

அக்கா முகம் சுருங்கிப்போயிற்று. “இத்தினி நாளா இத மனசுல வெச்சிக்கினா இருந்த?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் நான் கொட்டகையிலிருந்து திரும்பும்போது, மாமாவும் என் வீட்டுக்காரரும் பீரோவைத் தூக்கிக்கொண்டு ஹாலில் நின்றார்கள். அக்கா அறையை மாற்றிக்கொண்டிருந்தாள். தன் சாமான்களையெல்லாம் சின்ன அறைக்குக் கொண்டுபோய், எங்களுடையதைப் பெரிய அறையில் அடுக்கி, ஜன்னலுக்குத் தன் திரையையே மாட்டியிருந்தாள். பெரிய கட்டில் சின்ன அறைக்குள் போகவில்லை. அதை ஹாலில் போட்டு மாமா அதில் படுத்துக்கொண்டார். யாரும் சண்டை போடவில்லை. மாமா, “காத்து எங்க வந்தா இன்னா சகலை, எல்லாம் ஒரே வூடுதான” என்றார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தப் பெரிய அறையில், இரண்டு ஜன்னல் காற்றில் உட்கார்ந்துகொண்டு, மாசம் எழுநூறுக்கு எங்கே போவது என்று நாங்கள் யோசித்தோம். கேட்டது கிடைத்துவிட்டது. வேண்டியது அது இல்லை. இனி எதைச் சொல்லி அழுவது? புளிக் கொட்டகை வேலையும் சித்திரையோடு முடிந்தது. அந்த மழைக்காலத்தில் ஆலை பல நாள் ஓடவில்லை. என் காதில் இருந்தது அடகுக்குப் போயிற்று. வெறுங்காதைப் பார்த்து அக்கா கேட்பாளே என்று கவரிங் வாங்கிப் போட்டுக்கொண்டேன். அவள் அதைப் புதுத் தோடு என்று நினைத்தாள்.

“காலி பண்ணிடலாம்” என்று என் வீட்டுக்காரர்தான் சொன்னார். “உங்க அக்காகிட்ட உண்மைய சொல்லிட்டுப் போவலாம்.”

“வாணாம். ஆலைக்குத் தூரமா இருக்குதுன்னு சொல்லிக்கலாம்” என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். அக்கா நம்பவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. “பெரிய ரூமும் குடுத்துட்டேன். இன்னும் இன்னா கொறை வெச்சேன்னு சொல்லிட்டுப் போடி” என்றாள். நான் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தேன். அவளுடைய பிள்ளைகள் இரண்டும் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றன. என் மகள் போக மாட்டேன் என்று கதவைப் பற்றிக்கொண்டாள். என் வீட்டுக்காரர் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துத் தூக்கிவந்தார்.

ஊருக்கு வெளியே மறுபடியும் ஒரு ஷீட் வீட்டுக்குப் போனோம். வாடகை கூலியில் நாலில் ஒரு பங்கு. மூச்சு வந்தது. தோடு திரும்பி வந்தது. சில மாதத்தில் மாமாவுக்கு உளுந்தூர்பேட்டைக்கு மாற்றல் வந்து அவர்களும் போய்விட்டார்கள். ஒரு மணி நேர பஸ் தூரம்தான். கல்யாணம் காட்சியில் பார்த்துக்கொள்வோம். அக்கா “நல்லா இருக்கியா” என்பாள். “நல்லா இருக்கேன்க்கா” என்பேன். அப்பா செத்த வீட்டில்கூட நாங்கள் இருவரும் தனித்தனியாகத்தான் உட்கார்ந்து அழுதோம். பிள்ளைகள் வளர்ந்து, ஒன்றையொன்று பார்த்தால் பெரியவர்களைப்போல நலம் விசாரித்துவிட்டு செல்போனை எடுத்துக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டன.

மாமா ரிட்டையர் ஆனதும் கள்ளக்குறிச்சிக்கே திரும்பிவந்து புறவழிச்சாலைப் பக்கம் மாடி வைத்து வீடு கட்டினார்கள். கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆகி, ஆபீசெல்லாம் வந்து, வாடகை ஏறிக்கொண்டிருந்த சமயம். புதுமனை புகுவிழாவுக்குப் போய், பாத்திரம் கழுவ ஆள் வராததால் மறுநாளும் தங்கினேன். அக்காவும் நானும் பின்பக்கத்தில் உட்கார்ந்து அண்டாக்களைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். அவள் சும்மா பேச்சுவாக்கில் கேட்டாள்.

“மாடிய வாடகைக்கு வுடணும். எவ்ளோ கேக்கலாம் சொல்லு. நீதான் நெறைய வூடு பாத்திருக்க.”

“வர்றவங்க சம்பளம் இன்னான்னு கேட்டுட்டு அப்பறம் வாடகைய சொல்லு” என்றேன்.

“அவங்க சம்பளத்துக்கும் நம்ம வாடகைக்கும் இன்னாடி?”

“இருக்குதுக்கா. கோர்ட்டுக்குப் பின்னால நாம இருந்தமே, அந்த அறுநூறு மாமா சம்பளத்துல எவ்ளோ இருக்கும்?”

அக்கா கணக்குப் போட்டாள். “எட்டுல ஒரு பங்கு இருக்கும்.”

“எங்களுக்குப் பாதி.”

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நானே எழுந்து மூடினேன்.

“கூலி ஏத்திட்டாங்கன்னு சொன்னியே.”

“பொய்க்கா.”

“அப்ப சமையல பிரிச்சது?”

“அதுவும் அதுக்குத்தான். அவரு காரமே துன்ன மாட்டாரு.”

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் வாடகையைப் பற்றிக் கேட்கவே இல்லை. “நான் செய்றது உங்களுக்குப் புடிக்கலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்டி. இத்தினி வருசமா. உன் வூட்டுக்காரரு எங்க வூட்ல ஒரு வாய் சாப்ட்டாகூட அவரு மூஞ்சியவே பாத்துக்கினு இருப்பேன், புடிச்சிதா இல்லியான்னு” என்றாள். பிறகு, “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மொத்த வாடகையையும் நானே குடுத்திருப்பேனே” என்றாள்.

“அதுக்குத்தான் சொல்லல” என்றேன்.

மீதி அண்டாக்களையும் தேய்த்துக் கவிழ்த்தோம். அப்புறம் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “மாடிக்கு நீ வந்துடு. மகளைக் கட்டிக்குடுத்துட்ட. நீங்க ரெண்டு பேர்தான. வாடகை வாணாம்” என்றாள்.

என் வீட்டுக்காரருக்கு அதற்குள் முதுகு போயிருந்தது. மூட்டை தூக்க முடியாமல் ஒரு கடையில் காவலுக்கு இருந்தார். அவரிடம் சொன்னபோது முன்போல மறுக்கவில்லை. “குடுக்க முடிஞ்சத குடுத்துட்டு இருந்துக்கலாம்” என்றார். அந்த வார்த்தையை இவர் அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியது. நானும்தான் சொல்லவில்லை.

வருகிறோம் என்று சொல்ல அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் முகம் வாடியிருந்தது. உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டு, கொஞ்சம் தயங்கிச் சொன்னாள்.

“உங்கிட்ட மறைக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன். இந்த வூட்டுக்கு வாங்கின லோனுக்கு உங்க மாமா பென்ஷன்ல பாதி போவுது. மாடி வாடகை வந்தாதான் மீதிய ஓட்டலாம்னு இருந்தோம். நான் யோசிக்காம சொல்லிட்டேன். பரவால்ல, நீ வா. எப்பிடியோ பாத்துக்கலாம்.”

பாதி என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பால், காய்கறி, மாத்திரை என்று எது எது முதலில் குறையும் என்பது வரிசையாகத் தெரியும்.

“வாணாங்க்கா. நல்ல வாடகைக்கு யாராச்சும் ஆபீசருக்கு வுடு” என்றேன்.

“கோவமா?”

“இல்லக்கா. நீ சொன்னதே போதும்.”

உண்மையாகவே கோபம் இல்லை. இந்த முறை அவள் வாய்விட்டுச் சொன்னாள். அதனால் இடையில் எந்தக் கசப்பும் வரவில்லை. ஆனால் அதே உண்மைதான் எங்களை ஒரே வீட்டில் இருக்கவும் விடவில்லை. ஒன்றாக இருக்க முடிந்த காலத்தில் பேசத் தெரியவில்லை. பேசக் கற்றுக்கொண்டபோது இடம் இல்லை.

மாடியில் இப்போது சேலம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அதிகாரியின் குடும்பம் இருக்கிறது. மாதம் பிறந்ததும் வாடகை வந்துவிடுகிறதாம். நான் வெள்ளிக்கிழமைகளில் ஷேர் ஆட்டோ பிடித்து அக்காவைப் பார்க்கப் போகிறேன். சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறோம். சாயங்காலம் கிளம்பும்போது, “இன்னும் கொஞ்ச நேரம் குந்துடி” என்பாள். என் வீட்டுக்காரர் ராத்திரி காவலுக்குப் போக வேண்டியிருப்பதால் அதற்குமுன் சோறு ஆக்கிவிட வேண்டும். அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன்.